அத்தியாயம் 7: கேரியர் ரவுட்டர் – ரேக்கில் ஏற்றுவது முதல் டிராஃபிக் விடுவது வரை

2022 ஜூலை 8, கனடா. அதிகாலை 4.43 மணிக்கு ரோஜர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் ஐபி கோர் வலையமைப்பை மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட பணியில் அது ஆறாவது கட்டம். விநியோக ரவுட்டர்களின் கான்ஃபிகரேஷனிலிருந்து ஒரு ஃபில்டரை நீக்கினார்கள். அதுவரை அந்த ஃபில்டர் தடுத்து வைத்திருந்த வழித்தகவல்கள் அத்தனையும் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. ரவுட்டர்கள் தாங்கவில்லை. 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்குப் போனும் இணையமும் நின்றன. பலரால் 911 அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. எல்லாம் சீராக ஏறக்குறைய 26 மணி நேரம் ஆயிற்று.

பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொல்லும் மூன்று விஷயங்களை ரவுட்டர் நிறுவும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். முதலாவது, கோர் ரவுட்டர்களில் வழித்தகவலுக்கு உச்சவரம்பு வைக்கப்படவில்லை. இரண்டாவது, ரவுட்டர்களை நிர்வகிக்கும் வலையமைப்பு அதே கோரை நம்பியிருந்தது. கோர் விழுந்ததும் பொறியாளர்களால் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைய முடியவில்லை. லாக்குகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கவே 14 மணி நேரம் போனது. மூன்றாவது, முந்தைய கட்டங்கள் சிக்கலின்றி முடிந்ததால் பணியின் ஆபத்து மதிப்பீடு ‘அதிகம்’ என்பதிலிருந்து ‘குறைவு’ என்று இறக்கப்பட்டிருந்தது.

இந்த அத்தியாயத்தின் வேலை வரிசை அந்த மூன்றையும் மனதில் வைத்து அமைக்கப்பட்டது. முதலில் பெட்டிக்குள் திரும்பி வருவதற்கான வழி. அடுத்து, பெட்டி எவ்வளவு சுமை ஏற்கும் என்பதற்கான வரம்புகள். அண்டை ரவுட்டர்களுடன் பேச்சு அதற்குப் பிறகு. டிராஃபிக் கடைசியில்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட பெட்டி

கேரியர் தரம் என்பதற்கு வேகம் மட்டும் அளவுகோல் ஆகாது. ஆண்டுக்கு 99.999 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்தால், 365 நாளில் நிற்க அனுமதி 5 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அதனால் மின்சாரம், மின்விசிறி, கட்டுப்பாட்டு மூளை என எல்லாவற்றுக்கும் மாற்று உள்ளே இருக்கும். ஒன்றைக் கழற்றி மாற்றும்போதும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு முக்கியமான பண்பு, யோசிக்கும் பகுதியும் பாக்கெட்டைக் கடத்தும் பகுதியும் தனித்தனியாக இருப்பது. ஜூனிபர் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த எம்40 ரவுட்டர் இந்தப் பிரிவினையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது. ரவுட்டிங் எஞ்சின் வழிகளைக் கணக்கிட்டுத் தரும். லைன் கார்டில் உள்ள சிப்புகள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பாக்கெட்டுகளை அனுப்பும். எஞ்சின் திணறினாலும் சிப்புகள் சிறிது நேரம் பழைய பட்டியலை வைத்து வேலை செய்யும்.

இங்கே உதாரணம் ஜூனிபர் எம்எக்ஸ்480. நடுத்தர அளவு இணையச் சேவை நிறுவனங்களில் அதிகம் காணப்படும் பெட்டி இது. உயரம் 8 யூ, அதாவது 14 அங்குலம். எட்டு ஸ்லாட்டில் இரண்டு, ரவுட்டிங் எஞ்சினைத் தாங்கும் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு. மீதி ஆறு லைன் கார்டுகளுக்கு. சிஸ்கோ ஏஎஸ்ஆர் 9000 வரிசையில் வேலை வேறுபடும் இடங்களில் அதுவும் குறிப்பிடப்படும்.

உதாரண நிறுவனத்தின் ஏஎஸ் எண் 64500. அதன் முகவரித் தொகுதி 203.0.113.0/24. இரண்டு அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கிறது. இந்த எண்கள் புத்தகங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. உண்மையான ரவுட்டரில் இவற்றை அப்படியே அடிக்கக் கூடாது. இந்தியாவில் ஏஎஸ் எண்ணும் முகவரிகளும் ஐஆர்ஐஎன்என் வழியாகக் கிடைக்கும். இலங்கை நிறுவனங்கள் ஏபிநிக்கிடம் நேரடியாகப் பெறுகின்றன.

ஆர்டர் கொடுக்கும் முன்பே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். உலகின் முழு ஐபிவி4 வழிப்பட்டியலில் இன்று சுமார் 10 லட்சம் பதிவுகள். ஐபிவி6இல் 2 லட்சத்துக்கு மேல். லைன் கார்டின் நினைவகம் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும், வளர்ச்சிக்கும் இடம் விட வேண்டும். 2014 ஆகஸ்ட் 12 அன்று ஐபிவி4 பட்டியல் 5,12,000 என்ற எண்ணைத் தாண்டியபோது, அந்த அளவோடு நினைவகம் நிறுத்தப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் பல நாடுகளில் தடுமாறின. அந்த வரம்பு முன்கூட்டியே தெரிந்ததுதான்.

மின்சாரம், எர்த், காற்று

தொலைத்தொடர்பு அறைகளில் மின்சாரம் மைனஸ் 48 வோல்ட் டிசி. பேட்டரி வரிசையோடு ரெக்டிஃபையர் சேர்ந்து தரும் மின்சாரம் என்பதால், மெயின் சப்ளை போனாலும் இடைவெளி இராது. பேட்டரி சார்ஜில் இருக்கும்போது மீட்டர் மைனஸ் 54 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அது கோளாறு அல்ல.

வேலை தொடங்குவது எர்த் கம்பியில். ரேக்கின் எர்த் பாரிலிருந்து ரவுட்டரின் எர்த் முனைக்குக் கம்பி முறுக்கிய பிறகே மின்கம்பியைத் தொட வேண்டும். கழற்றும்போது எர்த் கடைசியில் வரும். அடுத்து, ரவுட்டர் பக்கம் இணைக்கும் முன் கம்பி முனைகளில் மல்டிமீட்டர் வைத்து எது மைனஸ், எது ரிட்டர்ன் என்று பார்க்க வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பிப் போலாரிட்டியை முடிவு செய்யக் கூடாது; அறைக்கு அறை நிறம் மாறும்.

ஏ ஃபீட், பி ஃபீட் என்று இரண்டு தனித்தனி மின்பாதைகள் வர வேண்டும். எம்எக்ஸ்480இல் நான்கு பவர் யூனிட் வரை பொருத்தலாம். டிசி அமைப்பில் எந்த யூனிட்டுக்கு எது மாற்று என்பது கையேட்டில் இருக்கும். ஒன்றுக்கொன்று மாற்றான இரண்டு யூனிட்டும் ஒரே ஃபீடில் மாட்டப்பட்டால், நான்கு யூனிட் இருந்தும் ஒரு பிரேக்கர் விழுந்தால் பெட்டி அணையும்.

இந்தப் பெட்டி காற்றைப் பக்கவாட்டில் இழுத்துப் பக்கவாட்டிலேயே வெளியேற்றுகிறது. பெரிய எம்எக்ஸ்960 முன்னாலிருந்து பின்னால் இழுக்கும். குளிர்பாதை, வெப்பப்பாதை என்று பிரித்த அறையில் பக்கவாட்டுக் காற்றோட்டம் உள்ள இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்த ரேக்கில் ஒரே உயரத்தில் வைத்தால், ஒன்று விடும் வெப்பக் காற்றை மற்றது உள்ளிழுக்கும். இரண்டு பக்கமும் இடைவெளி விடுவதோ, காற்றைத் திருப்பும் தடுப்பு போடுவதோ அவசியம்.

கார்டுகளைக் கழற்றிவிட்டு வெற்றுப் பெட்டியை முதலில் ஏற்றுவது நல்லது. முழுதாக நிரப்பிய பெரிய சேஸிஸ்கள் 100 கிலோவைத் தாண்டும்; லிஃப்ட் வண்டி இல்லாமல் தூக்குவது ஆபத்து. கார்டு செருகும்போது மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டாயம். காலி ஸ்லாட்டுகளில் மூடி போடாமல் விட்டால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், கார்டுகள் சூடாகும்.

முதல் லாகின், திரும்பி வரும் வழி

கன்சோல் கேபிளைச் செருகி, டெர்மினலில் 9600 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்தால் ரவுட்டர் பேசத் தொடங்கும். புதிய ஜூனிபர் பெட்டியில் ரூட் என்ற பயனருக்குப் பாஸ்வேர்டு இராது. அதை வைக்காமல் முதல் கமிட்டை ஜூனாஸ் ஏற்காது.

பாஸ்வேர்டு வைத்ததும் அடுத்த வேலை நிர்வாகப் போர்ட். எம்எக்ஸில் அதன் பெயர் எஃப்எக்ஸ்பி0. இது நேராக ரவுட்டிங் எஞ்சினில் உள்ளது; வாடிக்கையாளர் டிராஃபிக் இதன் வழியாகப் போகாது. ஜூனாஸ் 17.3 முதல் இந்தப் போர்ட்டுக்கென்று தனி வழிப்பட்டியல் வைக்கும் வசதி இருக்கிறது. அதைக் கட்டாயம் போட வேண்டும். போடாவிட்டால், இணையத்திலிருந்து கற்ற வழிகளும் நிர்வாகப் போர்ட்டின் வழிகளும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனி முகவரி கொடுத்து, எது அப்போது தலைமையோ அதற்குப் போய்ச் சேரும் பொது முகவரி ஒன்றையும் வைப்பது வழக்கம்.

இந்தப் போர்ட்டின் மறுமுனை எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது ஒரு சிறிய ஸ்விட்சுக்குப் போய், அந்த ஸ்விட்ச் இதே ரவுட்டர் வழியாக அலுவலகத்துக்கு வந்தால், ரோஜர்ஸில் நேர்ந்ததே இங்கும் நேரும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க மறைந்தபோதும், அதன் மாற்று நிர்வாக வலையமைப்பு கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் டேட்டா சென்டர்களுக்கு நேரில் போய்ப் பெட்டிகளைத் தொட வேண்டியிருந்தது.

எனவே, நிலையத்தில் ஒரு கன்சோல் சர்வர் வேண்டும். அதற்கு வேறு நிறுவனத்தின் 4ஜி சிம்மோ, வேறு நிறுவனத்தின் பிராட்பேண்ட் இணைப்போ வேண்டும். இரண்டு எஞ்சின்களின் கன்சோலும் அதில் செருகப்பட வேண்டும். இரவுப் பணியில் உள்ள பொறியாளரின் பாக்கெட்டிலும் வேறு நிறுவனத்தின் சிம் இருக்க வேண்டும். ரோஜர்ஸ் ஊழியர்கள் சொந்த நிறுவனத்தின் சேவையையே நம்பியிருந்ததால் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே திண்டாடினார்கள். வேறு நிறுவன சிம் கார்டுகளை வெளி நிலையங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

பயனர் சரிபார்ப்புக்கு டாகாக்ஸ் பிளஸ் சர்வர், அது எட்டாத நேரத்துக்கென்று பெட்டிக்குள்ளேயே ஒரு பயனர். டெல்நெட் வேண்டாம், எஸ்எஸ்எச் மட்டும். எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு. லாக்குகள் குறைந்தது இரண்டு வெளி சர்வருக்குப் போக வேண்டும். நேரம் என்டிபியிலிருந்து. இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இதில் சட்டப் பொறுப்பும் உண்டு: 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவு, கடிகாரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்கிறது, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

கமிட் செய்யும் முறை

ஜூனாஸில் அடிக்கும் வரிகள் உடனே அமலுக்கு வருவதில்லை. வரைவில் சேரும், கமிட் என்றதும் மொத்தமாக அமலாகும். சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஆரும் அப்படியே. இந்த அமைப்பைப் பயன்படுத்தி நான்கு படிப் பழக்கம் ஒன்றை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் ‘ஷோ கம்பேர்’: ஓடும் கான்ஃபிகரேஷனுக்கும் வரைவுக்கும் உள்ள வித்தியாசத்தை வரிக்கு வரி படிப்பது. இரண்டாவது ‘கமிட் செக்’: இலக்கணப் பிழை இருக்கிறதா என்று ரவுட்டரையே பார்க்கச் சொல்வது. மூன்றாவது ‘கமிட் கன்ஃபர்ம்ட் 5’: மாற்றம் அமலாகும், ஆனால் 5 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். எண் கொடுக்காவிட்டால் 10 நிமிடம். தொலைவிலிருந்து ஃபில்டர் மாற்றும்போது சொந்த லாகினையே அறுத்துக்கொண்டாலும், சற்றுப் பொறுத்தால் கதவு திறந்துவிடும். நான்காவது, எல்லாம் சரியென்று பார்த்த பிறகு உறுதி செய்யும் கமிட்.

நான்காவது படிக்கு முன்னால் என்ன பார்ப்பது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அண்டை ரவுட்டர்களின் எண்ணிக்கை, வழிகளின் எண்ணிக்கை, முக்கிய லிங்குகளின் டிராஃபிக் ஆகிய மூன்றும் போதும். மாற்றத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை குறித்து ஒப்பிட வேண்டும். எஸ்எஸ்எச் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து உறுதி செய்துவிட்டால், கமிட் கன்ஃபர்ம்ட் கொடுத்த பாதுகாப்பு வீண்.

ஜூனாஸ் கடைசி 50 கான்ஃபிகரேஷன்களை நினைவில் வைத்திருக்கும். நிச்சயமாக ஓடும் ஒன்றை ‘ரெஸ்க்யூ’ என்று தனியாகவும் சேமிக்கலாம். இரண்டு எஞ்சின் உள்ள பெட்டியில் கமிட் இரண்டிலும் ஒன்றாக நிகழும்படி ‘சிங்க்ரனைஸ்’ போட்டுவிட வேண்டும்.

ஃபைபரும் எம்டியூவும்

ஃபைபரைச் செருகும் முன் முனையைத் துடைக்க வேண்டும். புது கேபிள் என்றாலும் துடைக்க வேண்டும்.

லிங்க் விளக்கு பச்சையாக எரிவதோடு திருப்திப்படாமல், வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். 10 கிலோமீட்டர் வகை 10ஜி எல்ஆர் மாட்யூலை எடுத்துக்கொள்வோம். தரநிலைப்படி அது அனுப்பும் ஒளி மைனஸ் 8.2 முதல் பிளஸ் 0.5 டிபிஎம் வரை இருக்கலாம். பெறும் பக்கம் மைனஸ் 14.4 வரை தாங்கும். 8 கிலோமீட்டர் ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபெல் வீதம் 3.2 இழப்பு, நான்கு இணைப்பு முனைகளில் தலா 0.5 என்றால் 2, மொத்தம் 5.2. மாட்யூல் மைனஸ் 2இல் அனுப்பினால் மறுமுனையில் மைனஸ் 7.2 தெரிய வேண்டும். திரையில் மைனஸ் 13 தெரிந்தால் லிங்க் வேலை செய்யும். ஆனால் எங்கோ ஏறக்குறைய 6 டெசிபெல் காணாமல் போயிருக்கிறது: அழுக்கு முனையோ, மடிந்த கேபிளோ, சரியில்லாத ஸ்ப்ளைஸோ. அன்றே கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால், சில மாதங்களில் பிழைகள் எட்டிப்பார்க்கும்.

மறுபக்கமும் ஆபத்து உண்டு. 40 கிலோமீட்டர் வகை இஆர் மாட்யூல் பிளஸ் 4 வரை அனுப்பக்கூடியது. பெறும் பக்கம் மைனஸ் 1க்கு மேல் தாங்காது. சோதனைக்காக இரண்டு இஆர் மாட்யூல்களைச் சின்னக் கேபிளால் இணைத்தால் ரிசீவர் கெட்டுப்போகலாம். நடுவில் அட்டென்யுவேட்டர் வேண்டும்.

கோர் லிங்குகளில் எம்டியூவைப் பெரிதாக வைப்பது வழக்கம். எம்பிஎல்எஸ் லேபிள் ஒவ்வொன்றும் 4 பைட் கூட்டும். இங்கே கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறுவதுதான் தொல்லை. ஜூனாஸிலும் ஐஓஎஸ் எக்ஸ்ஆரிலும் 1514 என்றால் ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டும் அதில் அடக்கம். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸில் அதே அளவை 1500 என்று எழுத வேண்டும். இரு முனையிலும் எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைவிட, பாக்கெட் போகிறதா என்று சோதிப்பதே சரி. ஜூனாஸில் எம்டியூ 9192 என்றால், துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 9150 பைட் பிங் அனுப்ப வேண்டும்: 9192இலிருந்து ஈதர்நெட்டுக்கு 14, ஐபிக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 கழித்தால் வருவது அது. 9150 போக வேண்டும். 9151 போகக் கூடாது.

உள்வழிகள்: லூப்பேக்கும் ஐஎஸ்-ஐஎஸும்

ரவுட்டரின் நிரந்தர அடையாளம் அதன் லூப்பேக் முகவரி. எந்தக் கேபிள் அறுந்தாலும் அது விழாது. உதாரணத்தில் 192.0.2.1/32. இரு ரவுட்டருக்கு இடையிலான லிங்குகளுக்கு ஐபிவி4இல் /31, ஐபிவி6இல் /127.

பெரிய வலையமைப்புகள் பல உள்வழி நெறிமுறையாக ஐஎஸ்-ஐஎஸ் பயன்படுத்துகின்றன. அதற்கு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் நெட் என்ற அடையாள எண் வேண்டும். லூப்பேக்கிலிருந்தே அதை உருவாக்கினால் பிற்பாடு தேட வேண்டாம். 192.0.2.1இன் ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக்கினால் 192, 000, 002, 001. சேர்த்து எழுதி நான்கு நான்காகப் பிரித்தால் 1920.0000.2001. முன்னால் பகுதி எண்ணும் பின்னால் இரண்டு பூஜ்யமும் சேர்த்தால் 49.0001.1920.0000.2001.00. லாக்கில் இந்த எண்ணைப் பார்த்ததும் எந்த ரவுட்டர் என்று சொல்லிவிடலாம்.

ஜூனாஸில் இன்டர்ஃபேஸின் கீழ் ‘ஃபேமிலி ஐஎஸ்ஓ’ என்ற வரியை மறப்பது பொதுவான தவறு. ஐபி பிங் போகும், ஐஎஸ்-ஐஎஸ் மட்டும் எழும்பாது. லெவல் 2 மட்டும், பரந்த மெட்ரிக் மட்டும், எல்லா லிங்கிலும் சாவிச் சரிபார்ப்பு என்று வைத்தால் போதும். லிங்க் விழுந்ததை விரைவில் உணர பிஎஃப்டி. 300 மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று தடவை பதில் வராவிட்டால், 900 மில்லிசெகண்டில் வழி மாறிவிடும்.

ஓவர்லோட் குறியை 300 விநாடிக்கு வைப்பதும் முக்கியம். ரவுட்டர் ரீபூட் ஆனதும் ஐஎஸ்-ஐஎஸ் சில நொடியில் எழும்பும். பிஜிபி முழுப் பட்டியலைக் கற்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் மற்ற ரவுட்டர்கள் டிராஃபிக்கை இதன் வழியாக அனுப்பினால் அது தொலைந்துபோகும். ஓவர்லோட் குறி ‘இன்னும் நான் தயாராகவில்லை’ என்று மற்றவர்களுக்குச் சொல்லும்.

ரவுட்டிங் எஞ்சினைக் காக்கும் ஃபில்டர்

லைன் கார்டு விநாடிக்குக் கோடிக்கணக்கில் பாக்கெட்டுகளைக் கடத்தும். எஞ்சினால் அதில் சிறு பங்கைக்கூட ஏற்க முடியாது. ரவுட்டரின் முகவரிக்கே வரும் பாக்கெட்டுகளைச் சலிக்காவிட்டால், வெளியில் யார் வேண்டுமானாலும் எஞ்சினைத் திணறடிக்கலாம். ஐஓஎஸ் எக்ஸ்ஆர் எல்பிடிஎஸ் என்ற அமைப்பால் இதைப் பெருமளவு தானே பார்த்துக்கொள்கிறது. ஜூனாஸில் எல்ஓ0 இன்டர்ஃபேஸில் ஃபில்டர் எழுத வேண்டும்.

அனுமதிக்க வேண்டியவை: கான்ஃபிகரேஷனில் உள்ள அண்டை முகவரிகளிலிருந்து மட்டும் பிஜிபி, நிர்வாக வலையமைப்பிலிருந்து மட்டும் எஸ்எஸ்எச், எஸ்என்எம்பி, என்டிபி, டிஎன்எஸ், டாகாக்ஸ் சர்வர்களின் பதில்கள், அளவு வரம்புடன் ஐசிஎம்பியும் டிரேஸ்ரூட்டும். கடைசி வரி, மீதி எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு தள்ளுபடி செய்வது.

இரண்டு இடங்களில் கை தவறும். பிஜிபி 179ஆம் போர்ட்டில் இயங்குகிறது. இரு பக்கமும் யார் வேண்டுமானாலும் செஷனைத் தொடங்கலாம். சேருமிடப் போர்ட் 179 என்று மட்டும் எழுதினால், நம் ரவுட்டர் தொடங்கிய செஷனின் பதில்கள் தடுக்கப்படும். புறப்படும் போர்ட் 179க்கும் அனுமதி வேண்டும். இரண்டாவது, பிஎஃப்டிக்கான யூடிபி 3784. ஐஎஸ்-ஐஎஸ் ஐபிக்கு மேல் ஓடாததால் இந்த ஃபில்டர் அதைத் தொடாது. ஆனால் பிஎஃப்டி தடுக்கப்பட்டால், அதை நம்பியிருக்கும் ஐஎஸ்-ஐஎஸ் இணைப்பும் விழும். இந்த ஃபில்டரைக் கமிட் கன்ஃபர்ம்ட் இல்லாமல் ஒருபோதும் ஏற்றக் கூடாது.

பிஜிபி: வெளியுலகத்தோடு பேச்சு

இங்கே ஒரு வரியின் தவறு மற்ற நாடுகளையும் தொடும். அதற்கு 2019 ஜூன் 24 சான்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சிறு இணைய நிறுவனம், டிராஃபிக்கைச் சீரமைக்கும் மென்பொருளின் உதவியால் பிறருடைய முகவரித் தொகுதிகளைச் சிறு துண்டுகளாக்கித் தன் வலையமைப்புக்குள் வைத்திருந்தது. அந்தத் துண்டுகள் அதன் வாடிக்கையாளரான ஓர் உலோக நிறுவனத்துக்கும் போயின. அந்த நிறுவனம் வெரைசனிடமும் இணைப்பு வாங்கியிருந்தது; ஒரு பக்கம் கற்றதை மறுபக்கம் சொன்னது. வெரைசன் சலிக்காமல் உலகுக்குப் பரப்பியது. கிளவுட்ஃபிளேர் போன்ற பெரிய சேவைகளுக்குப் போக வேண்டிய டிராஃபிக் அந்தத் தொழிற்சாலையின் இணைப்பை நோக்கித் திரும்பியது. கிளவுட்ஃபிளேர் தன் உலக டிராஃபிக்கில் 15 சதவீதம் வரை இழந்தது.

இரண்டு அப்ஸ்ட்ரீம் உள்ள எந்த நிறுவனமும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஜூனாஸின் இயல்பு இதில் கவனிக்க வேண்டியது: எக்ஸ்போர்ட் பாலிசி எழுதாவிட்டால், ஓர் அப்ஸ்ட்ரீமிடம் கற்ற சிறந்த வழிகளையெல்லாம் மற்ற அப்ஸ்ட்ரீமுக்கு அது அறிவிக்கும். ஐஓஎஸ் எக்ஸ்ஆர் நேர்மாறு. பாலிசி இல்லாத வெளி செஷனில் எதையும் வாங்காது, எதையும் கொடுக்காது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 எல்லாரையும் இந்தப் பாதுகாப்பான பழக்கத்துக்கு வரச் சொல்கிறது. ஜூனாஸில் பணிபுரிபவர் பாலிசிகளை முதலில் எழுதி, பிறகே அண்டை ரவுட்டரின் முகவரியை அடிக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் பாலிசி சிறியதாக இருக்கட்டும்: 203.0.113.0/24 சரியாக அப்படியே வந்தால் அனுமதி, வேறு எதுவும் தள்ளுபடி. வாடிக்கையாளர்களின் தொகுதிகள் இருந்தால் அவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

இம்போர்ட் பாலிசி பல வடிகட்டிகளின் வரிசை. தனியார் பயன்பாட்டு முகவரிகளும் ஒதுக்கப்பட்ட தொகுதிகளும் தள்ளுபடி. நம் சொந்தத் தொகுதி வெளியிலிருந்து வந்தால் தள்ளுபடி. ஐபிவி4இல் /24ஐவிடச் சிறிய துண்டு, ஐபிவி6இல் /48ஐவிடச் சிறிய துண்டு தள்ளுபடி. ஆர்பிகேஐ சரிபார்ப்பில் ‘இன்வேலிட்’ என்று வந்தவை தள்ளுபடி.

ஆர்பிகேஐ என்பது எந்த முகவரித் தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்பதற்கான கையொப்பமிட்ட பதிவு. ரூட்டினேட்டர் போன்ற மென்பொருளைத் தனி சர்வரில் ஓட்டி, அதை ரவுட்டரோடு இணைக்க வேண்டும். முடிந்தால் இரண்டு சர்வர். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் /22 தொகுதிக்குள் இருந்த ஒரு /24ஐ உள்நாட்டில் தடுக்க அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கைச் சேர்ந்த அப்ஸ்ட்ரீம் வழியாகக் கசிந்து, யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு எட்டாமல் போனது. தொகுதிக்கு முறையான பதிவும், இடைப்பட்ட ரவுட்டர்களில் சரிபார்ப்பும் இருந்தால் அப்படிப்பட்ட துண்டு இன்வேலிட் ஆகி அங்கேயே நின்றிருக்கும். பதிவு செய்யும்போது அதிகபட்ச நீளத்தை, உண்மையில் அறிவிக்கும் அளவோடு நிறுத்த வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை வரம்பு. முழுப் பட்டியல் தரும் அப்ஸ்ட்ரீமுக்கு ஐபிவி4இல் 13 லட்சம், 80 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை என்று வைக்கலாம். பட்டியல் வளர வளர எண்ணைத் திருத்த வேண்டும். 100 தொகுதி தரும் பியருக்கு 200 போதும்.

வரம்பைத் தாண்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் நிறுவுபவரே தீர்மானிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8 அன்று ஆப்டஸ் வலையமைப்பு விழுந்த கதை இதைச் சொல்கிறது. வெளிநாட்டு இணைப்பு ஒன்றில் மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பின் வழித்தகவல் பெருகியது. சுமார் 90 ரவுட்டர்கள், தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த வரம்பைத் தாண்டியதும், தம்மைக் காத்துக்கொள்ள வலையமைப்பிலிருந்து விலகிக்கொண்டன. ஒரு கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சேவை போயிற்று. பல இடங்களில் ஆட்கள் நேரில் போய்ப் பெட்டிகளை மீட்க வேண்டியிருந்தது. ரோஜர்ஸில் வரம்பு இல்லை. ஆப்டஸில் வரம்பு இருந்தது, ஆனால் ஒரே நேரத்தில் எல்லாப் பெட்டியிலும் அது வெடித்தது. வெளி எல்லையில் உள்ள ரவுட்டரில் வரம்பு இறுக்கமாகவும், உள்ளே தளர்வாகவும் இருந்தால், வெள்ளம் எல்லையிலேயே ஒரு செஷனோடு நிற்கும். செஷன் அறுந்தால் எத்தனை நிமிடத்தில் மீண்டும் முயல வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

கடைசியாக, வாடிக்கையாளர் பக்கப் போர்ட்டுகளில் மூல முகவரிச் சரிபார்ப்பு. தனக்குக் கொடுக்காத முகவரியிலிருந்து வாடிக்கையாளர் பாக்கெட் அனுப்பினால் அங்கேயே தள்ள வேண்டும். 2000இல் வந்த பிசிபி 38 இதைத்தான் கேட்கிறது. இதைச் செய்யாத வலையமைப்பு மற்றவர்கள் மீதான தாக்குதலுக்குக் கருவியாகும்.

டிராஃபிக் விடும் முன் சோதனை

வாடிக்கையாளர் யாரும் இணையாத இந்த நேரத்தில்தான் தைரியமாக உடைத்துப் பார்க்க முடியும். ஏ ஃபீட் பிரேக்கரை அணைத்துப் பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பி ஃபீட். தலைமை எஞ்சினை மாற்றச் சொல்லி, பிஜிபி செஷன்களின் வயது தொடர்கிறதா, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யமானால் நான்ஸ்டாப் ரவுட்டிங் அமைப்பில் குறை இருக்கிறது. ஒரு கோர் ஃபைபரைப் பிடுங்கி, பிங் எத்தனை தவறுகிறது என்று எண்ண வேண்டும்.

வழித்தகவலுக்கும் சோதனை உண்டு. அப்ஸ்ட்ரீமுக்கு என்ன அறிவிக்கிறோம் என்று ரவுட்டரிடமே கேட்டால் 203.0.113.0/24 என்ற ஒரே வரி வர வேண்டும். வெளியில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள லுக்கிங் கிளாஸ் தளங்களிலும் அதே வரி, சரியான ஏஎஸ் வரிசையோடு தெரிய வேண்டும்.

எல்லா அப்லிங்கையும் அணைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் 4ஜி வழியாக வீட்டிலிருந்து கன்சோலுக்குள் நுழைந்து, ரெஸ்க்யூ கான்ஃபிகரேஷனை ஏற்றும் பயிற்சியும் இதே நாளில் நடக்க வேண்டும். இரவுப் பணிக்கு வரப்போகும் ஒவ்வொருவரும் அதைத் தன் கையால் செய்ய வேண்டும்.

அதன் பிறகு டிராஃபிக்கைச் சிறிது சிறிதாக விடலாம். முதலில் அலுவலகத்தின் சொந்தப் பயன்பாடு, அடுத்து ஒரு பகுதி வாடிக்கையாளர்கள், பிறகு மற்றவர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆபத்து மதிப்பீட்டைப் புதிதாக எழுதுங்கள்; முந்தைய கட்டம் நன்றாகப் போனது என்பதற்காக அடுத்ததன் மதிப்பீட்டைக் குறைக்காதீர்கள். கன்சோல் சர்வரின் முகவரி, உள்ளூர்ப் பயனரின் பாஸ்வேர்டு வைத்த உறை இருக்கும் இடம், மின் பிரேக்கர்களின் எண், அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களின் அவசர எண்கள், ரெஸ்க்யூ ஏற்றும் படிகள் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சடித்து, ஒரு பிரதியை ரேக் கதவின் உட்புறமும் மற்றொன்றைப் பணிப்பொறுப்பாளரின் வீட்டிலும் வையுங்கள். கான்ஃபிகரேஷன் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளைத் தேதியோடு புதுப்பியுங்கள்.